குழி மூடிய கூலி

பெல்ட்டைக் கழற்றினேன்.
சேப்டி பின், கொண்டை ஊசி,
வீட்டுச் சாவி, செருப்பின் பக்கிள்,
எல்லாம் ஜீப்பில்.
இரும்பைக் கேட்கப் போகிறவள்
இரும்பில்லாமல் போக வேண்டும்.

செட்டிநாட்டுக் கால்நடைப் பண்ணை.
ஓடுபாதையின் வெடிப்புகளில் கொழுக்கட்டைப் புல்.
அந்த நீளம் முழுக்கப் பசுக்கள் நடக்கின்றன,
கிளம்பும் உத்தேசம் இல்லாமல்.

வயிரவன் தேவகோட்டையில் ஆடிட்டர்.
வீட்டுப் பரணில் கிடைத்த பேரேட்டை
பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார்.
பார்த்திப வருஷம், மாசி மாதம்:
'ஏரோப்ளேன் மைதானத்தில் குழி வெட்டிய வகையில்
ஆள் அறுபது, நாள் ஒன்பது,
ஆளுக்கு எட்டணா.
ஆக ரூபாய் இருநூற்று எழுபது.'

சண்டை முடிந்ததும்
திருப்பிக் கொண்டுபோகக் கப்பல் கூலி கட்டாதென்று
புதைத்துவிட்டுப் போய்விட்டான் என்றார்.
எத்தனை விமானம் சார்?
மூன்று.
சாப்பாட்டுக்குப் பிறகு ஐந்து.

கருவி முதல் நாளே கத்தத் தொடங்கியது.
இங்கே மண்ணே இரும்பு.
செம்புறாங்கல்லுக்கு மேல் எதைத் தேடினாலும்
'இருக்கிறது இருக்கிறது' என்றுதான் சொல்லும்.
விமானமோ அலுமினியம்.
என் கருவிக்கு அது வெறும் காற்று.
இறக்கை கேட்காது. வால் கேட்காது.
எஞ்சின் கேட்கலாம், துப்பாக்கி கேட்கலாம்.
இருக்கை வாரின் கொக்கி,
ஒருவேளை.

இரண்டாம் நாள், பதினேழாவது கோட்டில்
எண்கள் எகிறின.
வயிரவன் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.
திரும்பிப் பார்த்தால்
ஜேசிபி சேசுராஜ்,
லுங்கி மடிப்பில் முழ நீள ஸ்பேனரோடு
என் முதுகுக்குப் பின்னால்.
"நாந்தானா மேடம் அந்தப் பிளேனு?"

மூன்று இடத்தில் வெட்டினோம்.
ஒரு டிரம் மூடி.
சுருண்ட முள்கம்பி.
மூன்றாவதில்
ஒரு மாட்டு லாடம், ஆணியோடு.
வயிரவன் அதையும் உறையில் போட்டுத்
தேதி எழுதினார்.

நான்காம் நாள், வேலிக்கருவை நிழலில் புளிசாதம்.
சேசுராஜ் கைகழுவிவிட்டு வந்து
பேரேட்டைப் பார்த்தான்.
எழுத்துக்கூட்டித்தான் படித்தான்.
"வெட்டுன கூலி இருக்கு சார்.
மூடுன கூலி எங்க?
வெட்ட ஒரு ரேட்டு, மூட ஒரு ரேட்டு.
சும்மா எவன் மூடுவான்?"

பக்கங்கள் புரண்டன.
பங்குனி. அடுத்த வருஷம் விய, சித்திரை.
உப்பு, விளக்கெண்ணெய், கோயில் புள்ளிவரி,
ரங்கூன் தபால் செலவு.
வைகாசி.
நாற்பது வருடம்
அடுத்தவர் கணக்கில் விட்டுப்போனதைக் கண்டுபிடித்தவர்
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
மறுபடி துடைத்தார்.

மூடாத குழி எங்கே போகும்?

மூவரும் ஒன்றாகத்தான் தலையைத் தூக்கினோம்.
பண்ணை மாடுகள் தண்ணீர் குடிக்கும் குட்டை.
நாலு மூலையும் மட்டப்பலகை வைத்தது போல.
எந்தக் குட்டைக்கு மூலை இருக்கிறது?
நான்கு நாளும் அதில்தான்
டிபன் பாக்ஸ் கழுவினேன்.

டயர் டியூபில் கருவியைக் கட்டி,
கயிறு போட்டு இழுத்தோம்.
நடுவில் ஒருமுறை எண் இறங்கி ஏறியது.
திரும்ப இழுத்தபோது இல்லை.
மறுபடி இழுத்தோம். இல்லை.
எருமை ஒன்று மூக்கை மட்டும் வெளியே வைத்து
எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

தண்ணீரை இறைத்துவிடலாமா என்றார் வயிரவன்.
கால்நடை டாக்டர் ரமீஜா
சிரிக்கவில்லை, கோபப்படவுமில்லை.
"இருநூத்திப் பன்னெண்டு உருப்படி.
சித்திரை வெயில்.
உங்க பிளேன் எவ்வளவு தண்ணி குடிக்கும் சார்?"

அறிக்கையில் இப்படி எழுதினேன்:
குழி வெட்டியதற்குச் சான்று உண்டு.
மூடியதற்கு இல்லை.
புதைத்தது குறித்து,
என்று தொடங்கிய வரியை
இன்னும் முடிக்கவில்லை.

சாயங்காலம் சேசுராஜ் பில் கொடுத்தான்,
சிகரெட் அட்டையின் பின்பக்கத்தில்:
குழி வெட்டியது மூன்று.
குழி மூடியது மூன்று.
தனித்தனியாக, தனித்தனித் தொகை.
வயிரவன் பேரம் பேசவில்லை.
கையெழுத்துப் போட்டு
அட்டையைப் பேரேட்டுக்குள் வைத்துக்கொண்டார்.
"காச யாரு சார் தருவா?" என்றபடி
சேசுராஜ் அங்கேயே நின்றான்.